கேள்வி – பதில்: கரையோரப் பூனைகள்

கேள்வி: எங்கள் வலைக்கொட்டகையில் கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள் கிடந்தன. தாயைக் காணோம். பசும்பால் கொடுத்தோம். ஒன்று துவண்டு கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முடியும். முதலில் பாலை நிறுத்துங்கள். துவண்ட குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். உள்ளே ஜில்லென்று இருந்தால் பசியைவிடக் குளிர்தான் அதற்கு எமன். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் வயிற்றிலேயே புளிக்கும், அல்லது மூச்சுக்குழாயில் இறங்கும். மே மாத வெயிலில் குட்டி எப்படிக் குளிரும் என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்து மூன்று வாரம் வரை தன் உடம்புச் சூட்டை அதனால் தானே காத்துக்கொள்ள முடியாது. ராத்திரிக் கடல்காற்றும் ஈரச் சிமெண்டுத் தரையும் போதும், விறைத்துவிடும்.

மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடியிலும் பக்கத்திலும் விரல் நுழையும் அளவில் ஏழெட்டுத் துளை போடுங்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ளும். துணி சுற்றிய பாட்டில்மேல் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அது குட்டிக்கு அதிகச் சூடு. மெதுவாக, ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் சூடேறினால் போதும். அதற்குள் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவலாம், வாயில் ஊற்றக் கூடாது.

குட்டி கதகதப்பாகி, தலையை ஆட்டித் தேட ஆரம்பித்த பிறகுதான் பால். பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும். அந்த வயதில் கழிச்சல் என்றால் ஒரே நாளில் உடம்பில் நீர் வற்றிவிடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அது வந்து சேரும்வரை ஓரிரு நாள் ஆட்டுப்பாலில் ஓட்டலாம், அதையே தொடரக் கூடாது. ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுங்கள். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு 4 மி.லி. அளவுதான் தாங்கும். முதல் வாரம் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்துத்தான். குட்டி குப்புறப் படுத்த நிலையில் குடிக்க வேண்டும். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள்.

ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். தாய் நக்கினால்தான் சிறுநீரும் மலமும் வரும், இப்போது அந்தப் பஞ்சுதான் தாய். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், குறைந்தால் டாக்டரிடம் போங்கள். நாலு வாரமானதும் தெர்மோகோல் பெட்டியை மாற்றிவிடுங்கள், பல் முளைத்த குட்டி அதைக் கடித்து விழுங்கும்.

இன்னொன்று. இனி குட்டிகளைப் பார்த்தால் உடனே தூக்காதீர்கள். சூடாக, சத்தமில்லாமல், வயிறு நிரம்பிக் குவிந்து படுத்திருந்தால் தாய் இரை தேடப் போயிருக்கிறது, அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. குட்டிகளைச் சுற்றிக் கோதுமை மாவை மெல்லிய வட்டமாகத் தூவிவிட்டுச் சில மணி நேரம் தள்ளி நில்லுங்கள். மாவில் கால்தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது.

கேள்வி: பூனை வாயிலிருந்து தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் இழை) தொங்குகிறது. தூண்டில் முள்ளும் உள்ளே போயிருக்கும் என்கிறார்கள். மெல்ல இழுத்து எடுத்துவிடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: இழுக்கவே கூடாது. வாயில் தொங்கினாலும் சரி, பின்பக்கம் தொங்கினாலும் சரி. நரம்பின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கும், மறுமுனை குடலுக்குள் ஓடியிருக்கும். குடல் அந்த நரம்பின்மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோலச் சுருங்கிக்கொள்ளும். இழுத்தால் நரம்பு குடலை அறுக்கும். அறுந்த இடத்தில் மலம் வயிற்றுக்குள் கசிந்துவிட்டால் பிழைப்பது அரிது.

வாயில் தொங்கும் நரம்பை ஒட்ட நறுக்கவும் வேண்டாம். ஒரு சாண் அளவாவது விட்டுவையுங்கள். முள் தொண்டையில் இருந்தால் டாக்டர் அதைத் தேடிப் போக அந்த நரம்புதான் வழி. நீளமாகத் தரையில் புரளுவதை மட்டும் குறைக்கலாம். விளக்கெண்ணெய், வாழைப்பழம், சோற்றுருண்டை என்று எதையும் திணிக்காதீர்கள், டாக்டர் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். வாந்தி, உண்ண மறுப்பது, முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்காருவது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். எக்ஸ்ரேயில் முள் தெரியும், நரம்பு தெரியாது. அதனால் "நரம்பு இருந்தது" என்று நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

உதட்டிலோ பாதத்திலோ குத்திய தூண்டில் முள்ளையும் வந்த வழியே இழுத்தால் அதன் செதிள் (முனையருகே பின்னோக்கி நிற்கும் கொக்கி) சதையைக் கிழிக்கும். மயக்கம் கொடுத்து, முனையை மறுபக்கம் வெளியே தள்ளி, செதிளைக் கட்டிங் பிளையரால் நறுக்கி, பிறகுதான் பின்னால் உருவ வேண்டும். உங்களால் ஆனது, பூனையைத் துண்டில் இறுகச் சுற்றிக் கூடையில் வைத்துக் கொண்டுபோவது. கரையில் அறுந்த நரம்பைச் சுருட்டிக் குப்பையில் போடச் சொல்லிப் பாருங்கள். இரை நாற்றம் அடிக்கும் நரம்பைத்தான் பூனை விழுங்குகிறது.

கேள்வி: காய்ச்சலடிக்கும் பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கலாமா? குழந்தைக்கே கொடுக்கிறோமே.
– வாசகி, பாம்பன்

பதில்: கூடாது. அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது, சீக்கிரம் போட்டால் பலன் தரும்.

இதே வரிசையில்: காயத்தைக் கழுவ டெட்டாலும் கருப்பு பினாயிலும் ஆகாது, பூனை நக்கி உள்ளே தள்ளும். ஆறிய உப்புத் தண்ணீர் போதும், ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒன்றரை டீஸ்பூன். சொறிக்கு மண்ணெண்ணெயும் வேண்டாம். நாய்க்கு உண்ணி போக்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு வலிப்பை வரவழைக்கும். காதோரமும் முகமும் சாம்பல் பூத்ததுபோலப் பொருக்கு கட்டியிருந்தால் அது சொறிப்பூச்சி. டாக்டர் எடை பார்த்துப் போடும் மருந்தில் நன்றாகவே ஆறும், ஆனால் கூட இருக்கும் எல்லாப் பூனைக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

கேள்வி: தினமும் பச்சை மத்தியும் நெத்திலியும்தான் போடுகிறோம். இப்போது பூனை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளாடுகிறது. விஷமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: விஷமாகவும் இருக்கலாம், தீனியாகவும் இருக்கலாம். மத்தி, நெத்திலி இனத்துப் பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வாரக்கணக்கில் அதையே தின்றால் தயமின் தீர்ந்து, கழுத்து முன்பக்கம் மடிந்து தாடை நெஞ்சில் படும், நடை தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். சீக்கிரம் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும், அதனால் உப்பு போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். எண்ணெய்ப்பசை அதிகமுள்ள மீனையே எப்போதும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி வலிக்கும், தொட்டாலே சீறும். வாரத்தில் சில நாள் கோழி இதயமும் கொஞ்சம் ஈரலும் சேருங்கள். ஈரலை மட்டும் தினமும் போடாதீர்கள்.

சங்காயத்தில் (வலையில் சேர்ந்து வரும் கழிவு மீனில்) பேத்தை மீன் கலந்திருந்தால் பொறுக்கி எறியுங்கள். அதன் ஈரலும் சினையும் கொல்லும், வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. கருவாடு வேண்டாம். வெங்காயம், பூண்டு வதங்கிய பிரியாணி எச்சமும் வேண்டாம், ரத்தச் சிவப்பணுவை அழிக்கும்.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாததால் இறங்குதளப் பூனைகள் பட்டினி. இரைபோட ஆசை, ஆனால் பெருகிவிடும் என்கிறார்கள். பிடித்து வேறு ஊரில் விட்டுவிடலாமா?
– வாசகர்கள், ராமேஸ்வரம்

பதில்: வேறு ஊரில் விட்டால் அங்கே வழி தெரியாமல் நாயிடம் மாட்டும். இங்கே காலியான இடத்துக்கு மீன் கழிவைத் தேடி அடுத்த பூனை வரும். வலையைக் கடிக்கும் எலிக்குப் பூனைதான் காவல் என்பது படகுக்காரர்களுக்கே தெரியும். விஷம் வைக்கும் பேச்சு எழுந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா 325-இன்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்று சொல்லுங்கள்.

இரை போடுங்கள், கருத்தடையும் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். தடைக்கால 61 நாளில் பூனைகள் பசித்திருப்பதால் கூண்டில் பிடிப்பது சுலபம், வருடத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வரும், சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும்.

ஒரே இடம், ஒரே நேரம், சாயங்காலம் இரை வையுங்கள். பெரிய பூனைக்கு உலர்தீனி நாளுக்கு 50, 60 கிராம் போதும். அரைமணியில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காகமும் நாயும் சண்டையும்தான். தண்ணீரை நிழலில் மண்சட்டியில் வையுங்கள். ஒரு வாரம் கூண்டுக்கு உள்ளேயே, கதவைத் திறந்து கட்டிவைத்து, இரை போட்டுப் பழக்குங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் இரையை நிறுத்துங்கள். அவித்த மத்தியை மிதிபலகைக்கு அப்பால், கடைசி மூலையில் வையுங்கள். முன்னாலேயே வைத்தால் மிதிக்காமலே தின்றுவிட்டுத் திரும்பும். கதவு விழுந்ததும் கூண்டின்மேல் துணி போர்த்துங்கள். இருட்டானால் பூனை முட்டிமோதி மூக்கை உடைத்துக்கொள்ளாது. ஒரு கூண்டில் ஒரு பூனைதான்.

பெரிய பூனைக்கு ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி இரை இல்லை, தண்ணீர் இருக்கலாம். குட்டிக்கு நீண்ட பட்டினி ஆகாது, டாக்டர் சொல்லும் நேரம் மட்டும். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, இடதுகாதின் நுனியை ஒரு செ.மீ. நேராக நறுக்கச் சொல்லுங்கள். மறுபடி அதே பூனையைப் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்க அந்த அடையாளம் தேவை. தோலுக்குள் கரையும் தையல் போடச் சொல்லுங்கள், தெருப் பூனையைத் தையல் பிரிக்க யார் பிடிப்பது? ஆண் பூனையை ஒரு நாளும், பெண்ணை இரண்டு மூன்று நாளும் கூண்டில் வைத்துப் பார்த்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

கேள்வி: பிடிக்கும்போது பிறாண்டிவிட்டது. குட்டிப் பூனைதானே, வெறிநோய் ஊசி வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் (காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்து) தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள். பூனையைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மீட்ட குட்டிகளை வீடுகளுக்குக் கொடுக்கிறோம். போன வீட்டில் அடுத்தடுத்துச் செத்துப்போகின்றன. ஏன்?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: வாந்தி, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்காருவது, ஓரிரு நாளில் மரணம் என்றால் பேன்லுகோபீனியா என்ற, பூனைகளுக்குள் பரவும் கொடிய வைரஸாக இருக்க அதிக வாய்ப்பு. அது தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அசையாது. முதலில் சோப்பால் கழுவி, பிறகு சாதாரண பிளீச்சை லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். துணி, மூங்கில் கூடையை எரித்துவிடுங்கள். அந்த வீட்டுக்கு ஒரு வருடம் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொடுக்காதீர்கள்.

புதிதாக வரும் எதையும் 14 நாள் தனியறையில் வையுங்கள், அதற்குத் தனித் தட்டு, தனிச் செருப்பு. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் 16 வாரம் வரை. 12 வாரத்தில் வெறிநோய் ஊசி. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தீர்த்தமாட வந்த இடத்தில் குட்டியைப் பார்த்து மயங்கி, ரயிலில் கொண்டுபோகிறேன் என்று கேட்பவருக்கு வேண்டவே வேண்டாம். ஊருக்குப் போய்ப் போன் பண்ணட்டும், அப்போதும் ஆசை இருந்தால் பேசலாம்.

கேட்க வேண்டியவை சில: வீடு வாடகையா, உரிமையாளர் சம்மதித்தாரா, கிணறு மூடியிருக்கிறதா, கருத்தடைக்குச் சம்மதமா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள். கறுப்புக் குட்டியை யாரும் எடுப்பதில்லை என்று புலம்பாமல், இரண்டு குட்டியைச் சேர்த்தே கொடுங்கள். ஜோடியாகப் போனால் ஏங்காது.

கேள்வி: மலத்தட்டில் கடல்மணல் போடலாமா?
– வாசகர், ஏர்வாடி

பதில்: நன்னீரில் இரண்டு முறை அலசி வெயிலில் காயவைத்தால் போடலாம். உப்போடு போட்டால் பாதத்தில் ஒட்டியதை நக்கும். ஆபரேஷன் ஆன பூனைக்கு மணல் வேண்டாம், தையலில் புகும். கிழித்த செய்தித்தாள் போடுங்கள். தினமும் அள்ளுங்கள். மலத்தில் இருக்கக்கூடிய, வயிற்றுக் கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.