பழைய வால்வு செட்: திருகுவதற்கு முன் கேளுங்கள்

வால்வு போட்ட பழைய அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டரை டியூன் செய்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. ஹட்டனில் காலையிலிருந்து மழை, கரண்டும் போய்ப் போய் வருகிறது. முடிந்தவரை எழுதுகிறேன்.

பண்டாரவளை: அண்ணே, மாமா வைத்திருந்த கென்வூட் டிஎஸ்-520 ரேடியோ செட் பத்து வருசமா பெட்டிக்குள் கிடக்கிறது. பிளக்கில் குத்திப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. நம்ம ஊர் மூடுபனி பெட்டிக்குள்ளும் போகும். மேல்மூடியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு 25 வாட் குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் காய வையுங்கள் (கொழுந்து வாட்டுகிற மாதிரிதான், அவசரம் கூடாது). அப்புறம் கடைசி வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, கரண்ட் வயரில் தொடராக 100 வாட் பல்ப் ஒன்றைப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கிவிட்டால் நல்ல சகுனம்.

ரிசீவர் பேசத் தொடங்கிய பிறகுதான், சிக்னலைப் பெருக்கி வெளியே அனுப்பும் கடைசி வால்வுகளை எரியவிட வேண்டும். டம்மி லோடை (அன்டனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டி, மைக் கெயினைப் பூச்சியமாக்கி, சென்டில் (அனுப்பும் நிலையில்) போட்டு, வால்வின் சும்மா ஓடும் கரண்டை அமைக்கும் பயஸைத் திருகி 60 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். பிறகு டிரைவ் குமிழை மீட்டர் உச்சம் காட்டும் இடத்தில், பிளேட் குமிழை மீட்டர் முள் மிகவும் இறங்கும் இடத்தில் (அதுதான் டிப்) வைத்து, லோட் குமிழைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி டிப். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் கீயை அழுத்தி வைக்காதீர்கள், வால்வின் தகடு சிவந்தால் காசு போச்சு. உள்ளே 800 வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

மஸ்கெலியா: டம்மி லோட் வாங்க வசதியில்லை, வீட்டு பல்ப் போதாதா?

போதாது. 230 வோல்ட் 60 வாட் பல்ப் எரியும்போது கிட்டத்தட்ட 880 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. செட் கேட்பதோ 50 ஓம். வெளிச்சத்தைப் பார்த்து டியூன் செய்தால் வெளிச்சத்துக்குத்தான் டியூன் ஆகும். 1 கிலோ ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் இருபதை இணையாக (தொடராக அல்ல) சேர்த்து ஈயம் வைத்தால் 50 ஓம், 40 வாட். நூறு வாட் செட்டை அதில் சில விநாடிதான் சோதிக்கலாம், ஆனாலும் உருப்படியான வேலை.

தலவாக்கலை: பிளேட் டிப் ஒரு இடத்தில், பவர் உச்சம் வேறு இடத்தில் வருகிறது. வால்வு போய்விட்டதா?

அநேகமாக நியூட்ரலைசேஷன் (வால்வுக்குள் சிக்னல் திரும்பிக் கசிவதை ஈடுகட்டும் அமைப்பு) விலகியிருக்கிறது. வால்வை மாற்றினீர்களா? மாற்றினால் இதைத் திரும்பச் செய்தே ஆகவேண்டும். 28 மெகாஹேர்ட்ஸில் டியூன் செய்துவிட்டு, கடைசி வால்வின் ஸ்கிரீன் வோல்டேஜை நிறுத்தி, டிரைவ் மட்டும் கொடுத்து, அன்டனா சொக்கெட்டில் கசிகிற ஆர்எஃப் (ரேடியோ சிக்னல்) மிகக் குறைகிற வரை நியூட்ரலைசேஷனுக்கான சின்ன டிரிம்மரைத் (திருகிச் சரிசெய்யும் கண்டென்சரை) திருகவும். பிளாஸ்டிக் குச்சியால் மட்டும்.

நுவரெலியா: காலையில் அலைவரிசை நழுவுகிறது, விஎஃப்ஓவை (அலைவரிசையை மாற்றித் தரும் பகுதி) பிரிக்கட்டுமா?

பிரிக்காதீர்கள் அக்கா. அங்கே விடியற்காலையில் செட்டும் நடுங்கும். அரை மணி நேரம் சூடேறட்டும், அப்புறமும் நழுவினால் எழுதுங்கள்.

பதுளை: காயிலுக்குள் (கம்பிச்சுருளுக்குள்) இருக்கும் ஃபெரைட் திருகு உடைந்துவிட்டது.

இரும்பு ஸ்க்ரூ டிரைவரால்தானே திருகினீர்கள்? நானும் ஒருமுறை உடைத்திருக்கிறேன். பழைய மெழுகு பிடித்திருக்கும், ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கினால் இளகும். பிளாஸ்டிக் பின்னல் ஊசியின் நுனியைச் சீவித் துவாரத்துக்கு அளவாக்கி, உடைந்த துண்டை எதிர்ப்பக்கமிருந்து தள்ளிப் பாருங்கள்.