இறால் விழுதுக்கு பீட்ரூட் சாறு ஊற்றலாமா?

செல்லூரிலிருந்து ஒரு வாசகி: "கூனி இறாலை உப்பில் ஊறவைத்து, அரைத்து விற்கிறேன். செயற்கை நிறம் சேர்க்க மனமில்லை. ஊறப்போடும்போதே பீட்ரூட் சாறு ஊற்றினேன்; பத்தே நாளில் பழுப்பாகிவிட்டது. மளிகைக் கடைக்காரர் 'இயற்கை கலர்' என்று ஒரு பொடி தருகிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள் அம்மா. பீட்ரூட்டையும் விட்டுவிடுங்கள்.

பீட்ரூட் நிறம் சூடும் வெளிச்சமும் தாங்காது. ஆனால் நிறம் போனதைவிட எனக்கு உப்பைப் பற்றித்தான் கவலை. ஒரு கிலோ இறாலுக்கு 250 கிராம் உப்பு போட்டால் கலவையில் உப்பு 20 சதவீதம். அதில் 200 கிராம் சாறு ஊற்றினால் 17-க்கு இறங்கிவிடும். சாற்றில் பெரும்பகுதி தண்ணீர், கூடவே சர்க்கரை. இந்தச் சரக்கைக் காப்பதே உப்புதான், அதைப்போய் நீர்க்கவிடலாமா?

நிறம் வேண்டுமென்றால் இறால் ஊறி முடிந்த பிறகு, அரைக்கும்போது சேருங்கள். பியாடகி மிளகாயை விதை நீக்கி, நல்லெண்ணெயில் கருகாமல் மெல்லச் சூடாக்கி வடித்துக்கொள்ளுங்கள். மிளகாயின் சிவப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். பாட்டிலை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

மஞ்சள் தூள் மட்டும் ஊறும்போதே போடலாம். அது காய்ந்த பொடி, நீர் சேர்க்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா? இறால் கெடும்போதும் அம்மோனியா மாதிரிப் பொருள்கள் உண்டாகி காரத்தன்மை ஏறும். அப்போதும் மஞ்சள் சிவக்கக்கூடும். மிளகாய் சேர்க்கும் முன்பே ஜாடி சிவந்தால் நல்ல நிறம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். மூக்கைத் துளைக்கும் நெடியும் இருந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். சிவக்கவில்லை என்பதற்காக நல்ல சரக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் அந்தப் பொடி. உற்பத்தியாளர் பெயர், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண், உள்ளே இருப்பது எந்த நிறமி, இந்த மூன்றும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீரில் கரைத்துக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். பீட்ரூட் பொடியும் சாயமும் ஒரேபோலத்தான் சிவக்கும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததே, அதற்குக் காரணமான ரோடமின் பி துணிக்குப் போடும் சாயம். உதிரியாக வரும் பொடியில் அது இல்லை என்று கடைக்காரரால் எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கே ஒரு தரகர்தான் கொண்டுவந்து போடுகிறார். மாட்டிக்கொண்டால் தரகர் இருக்க மாட்டார், விழுது பாட்டிலில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

உணவுப் பொருளை வாங்குபவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கச் சட்டம் இடம் தருகிறது; 14 நாளில் அறிக்கை தர வேண்டும். நான் கொடுத்த மாதிரிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தாள் வந்தது. அதற்குள் அந்தச் சரக்கு விற்றே தீர்ந்திருந்தது. இப்படி இருந்தால் சிறு வியாபாரி யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பொடியை வாங்காமல் கடையிலேயே விட்டுவிடுங்கள். சாறு ஊற்றிய அந்த ஜாடியையும் விற்காதீர்கள்.