முதியோர் தொண்டு அமைப்பை வளர்ப்பது: கேள்வி பதில்

கே: பத்துப் பேர் சேர்ந்து முதியோருக்காக டிரஸ்ட் பதிவு செய்துவிட்டோம். எப்படி வளர்ப்பது?

ப: கட்டடத்தில் தொடங்காதீர்கள். கேரளத்தின் கோழிக்கோட்டைப் பாருங்கள். 1993-இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தீராத நோயாளிகளின் வேதனையைக் குறைக்க வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். கூட்டம் வந்தது. ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் எப்படி வருவார்? வந்தாலும் மறுநாள் வீட்டில் யார் பார்ப்பது? அதனால் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்: புண்ணைச் சுத்தம் செய்ய, புரட்டிப் படுக்கவைக்க, வீட்டாரோடு உட்கார்ந்து பேச. பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊருக்கு ஊர் தனிக் குழுக்கள் முளைத்தன. கோழிக்கோட்டுச் சங்கம் அங்கெல்லாம் கிளை திறக்கவில்லை. அந்தந்த ஊரே சிறு தொகைகளாக வசூலித்து நடத்தியது.

கே: அது கேரளம் சார். அங்கே அரசு துணை நின்றது.

ப: வலி தணிப்புக்கான கேரள அரசின் கொள்கை வந்தது 2008-இல். குழுக்கள் அதற்கு முன்பே இருந்தன.

கே: வளைகுடாப் பணமும் இருந்ததே?

ப: இருந்தது. உங்கள் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் ஆவதில்லையா? நம்மிடம் இல்லாதது மாதாமாதம் போய்க் கேட்கும் ஆள்.

கே: முதியோர் இல்லம் கட்ட எவ்வளவு ஆகும்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அம்மாவுக்கு மறதி நோய். கவனிக்கும் அக்கா ஓய்ந்துபோய்விட்டார். இதற்கு ஓர் அமைப்பு என்ன செய்ய முடியும்?

ப: வாரத்தில் ஒரு பகல், பழகிய தன்னார்வலர் ஒருவர் அம்மாவோடு இருக்கட்டும், அக்கா வெளியே போய் வரட்டும். செலவு பேருந்துக் கட்டணம்தான். பத்து வீட்டுக்கு இதைத் தவறாமல் செய்தாலே ஊர் உங்களை நம்பும். இதையும் கட்டடத்துக்கு முன்பே செய்யலாம்!

கே: வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் பணம் அனுப்பலாமா?

ப: துபாய் மச்சான் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சரி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடாதீர்கள். நன்கொடையாளருக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கே: பக்கத்து வீட்டுப் பெரியவரை மகன் அடிக்கிறான்.

ப: 14567, முதியோர் உதவி எண். இப்போதே கூப்பிடுங்கள்.

கே: நிலம் இலவசமாகக் கிடைக்கிறது. அப்போதாவது இல்லம் கட்டலாமா?

ப: நிலம் இலவசம், சரி. இரவுப் பணி ஆயாவின் சம்பளம்?