நேர் மேலே எறிந்த பந்து: வரைபடச் சந்தேகங்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், பந்து நேராக மேலே போய் நேராகத்தானே கீழே வருகிறது, புத்தகத்தில் மட்டும் ஏன் மலை மாதிரி வளைவு?

பதில்: தம்பி, அது பந்து போன பாதை இல்லை. கிடை அச்சில் இருப்பது காலம். பந்து பக்கவாட்டில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, நகர்வது கடிகாரம்தான். கணக்குக்கு வசதியாக வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிகிறாய் என்று வைத்துக்கொள், காற்றை இப்போதைக்கு விட்டுவிடு. 1-வது வினாடியில் உயரம் 14.7 மீட்டர், 2-ல் 19.6, 3-ல் மறுபடி 14.7, 4-ல் கைக்கே வந்துவிடும். கிராப் தாளில் நீயே குறித்துப் பார், பரவளையம் கிடைக்கும். இன்னொன்றையும் கவனி: மொத்தம் 4 வினாடிப் பயணத்தில் 2 வினாடி 14.7 மீட்டருக்கு மேலேயே கழிகிறது, அதாவது பாதி நேரம் உச்சியை ஒட்டிய கால் பங்கு உயரத்தில். பந்து மேலே தயங்கி நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

கேள்வி: உச்சியில் திசைவேகம் சுழி என்றால் முடுக்கமும் சுழிதானே? அப்படி எழுதி மார்க் போய்விட்டது.

பதில்: மார்க் போனது சரிதான். திசைவேகத்தை வினாடிவாரியாக எழுதுங்கள்: 19.6, 9.8, 0, −9.8, −19.6. ஒரே நேர்க்கோடு, 2-வது வினாடியில் கால அச்சை வெட்டிக்கொண்டு கீழே போகிறது, அங்கே வளையவும் இல்லை, நிற்கவும் இல்லை. அந்தக் கோட்டின் சாய்வுதான் முடுக்கம், தொடக்கத்திலிருந்து கடைசி வரை −9.8. உச்சியில் அதுவும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே வராது.

கேள்வி: என் மகள் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வரைந்தாள், தவறு என்று அடித்துவிட்டார்கள்.

பதில்: அம்மா, அவள் வரைந்தது வேகம்–காலம் வரைபடம். வேகத்துக்குத் திசை இல்லை, அதனால் கோடு அச்சைத் தொட்டு மேலே ஏறும். கேட்டது திசைவேகம், அதில் இறங்கும்போது எதிர்க்குறி வரும். பெண்ணுக்கு விஷயம் பாதி புரிந்திருக்கிறது, திட்டாதீர்கள்.

கேள்வி: கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. படம் தலைகீழாகும், அவ்வளவுதான். பாதிக் கணக்கில் மட்டும் மாற்றாதீர்கள்.

கேள்வி: வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. சுவரில் சாக்பீஸால் அரை மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள், போனை அசையாமல் தூரத்தில் வைத்து, வினாடிக்கு 30 பிரேம் வீடியோ எடுத்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். பந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் போனால், கையை விட்ட முதல் மூன்று பிரேமில் 90 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கும், உச்சிக்கு முந்தைய மூன்று பிரேமில் 5 சென்டிமீட்டர்தான். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் சாய்வு என்ற சொல் அப்புறம் மறக்காது.

கேள்வி: இதையே நிலாவில் எறிந்தால்?

பதில்: அங்கே சாய்வு 1.62 மட்டுமே. அதே 19.6-ல் எறிந்தால் உச்சிக்குப் போகவே 12 வினாடி ஆகும், உயரம் 118 மீட்டரைத் தாண்டும்.

கேள்வி: காற்றையும் சேர்த்தால் படம் எப்படி மாறும்?

பதில்: ஏறும்போது ஈர்ப்பும் காற்றுத் தடையும் சேர்ந்து கீழே இழுக்கும், இறங்கும்போது தடை மேல்நோக்கி இருக்கும். அதனால் ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் அதிகம், கைக்கு வரும் வேகமும் குறைவு. திசைவேகக் கோடு முதலில் செங்குத்தாகச் சரிந்து, போகப் போகப் படுக்கும். உச்சியில் மட்டும், பந்துக்கு வேகமே இல்லாததால் தடையும் இல்லை, அந்த ஒரு புள்ளியில் சாய்வு சரியாக −9.8.