அடைவை உயர்த்தி அவசரமாக ஒரு ஆபரேஷனா?

கேள்வி: என் கணவர் வெல்டிங் வேலை செய்கிறார். மாதம் 90,000 ரூபா வரை வரும். வலது மேற்கையில் 6 சென்டிமீற்றர் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்) என்று வந்தது. முதலில் கதிர்ச் சிகிச்சை, பிறகுதான் சத்திரசிகிச்சை என்று அரச கிளினிக்கில் சொல்கிறார்கள். "பிந்தினால் பரவிவிடும், பிரைவேட்டில் உடனே வெட்டி எடுப்போம்" என்று என் அண்ணர் நிற்கிறார். 8 பவுண் நகை 12 லட்சத்துக்கு அடைவில் இருக்கிறது. திருப்பி வைத்தால் 18 லட்சம் தருவார்களாம். வைக்கலாமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தின்படி, முதலில் 8 லட்சத்துக்கு வைத்தீர்கள். வருட வட்டி 18 வீதம். ஒரு வருடத்தில் 1,44,000 ஏறியது. அதைக் கட்டாமல், தங்கம் விலை கூடியதால் 12 லட்சமாக உயர்த்தினீர்கள். கூடிய 4 லட்சத்தில் கைக்கு வந்தது 2,56,000தான். இப்போது 8 மாத வட்டி மறுபடியும் 1,44,000. 18 லட்சமாக்கினால் கையில் 4,56,000 கிடைக்கும், மாத வட்டி 27,000 ஆகும். கணவர் வேலைக்குப் போகாத மாதங்களில் அதை யார் கட்டுவது? விலை ஏற ஏற நகையைத் திருப்பி வைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை விழுத்துகிறது. நோய் அல்ல.

அண்ணரின் அவசரத்துக்கு வருவோம். சார்கோமா உறைபோட்ட உருண்டை மாதிரித் தெரியும். அந்த உறைக்குள்ளும் அதைச் சுற்றியும் புற்றுக் கலங்கள் இருக்கும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் மிச்சம் கையிலேயே நின்றுவிடும். பிறகு இன்னும் அகலமாக வெட்டி, வேறு இடத்துத் தோலும் தசையும் வைத்து மூட வேண்டி வரலாம். முறையான சத்திரசிகிச்சையில் சுற்றியுள்ள நல்ல திசுவையும், ஊசி போன பாதையையும் சேர்த்தே எடுப்பார்கள். முதலில் கதிர் கொடுப்பதென்றால் வழக்கமாக 25 தடவை, 5 கிழமை. அதன்பின் 4 முதல் 6 கிழமை இடைவெளி. அது சும்மா காத்திருப்பு அல்ல, சிகிச்சை தொடங்கிவிட்டது. வெட்டுவதற்கு முன் கையின் எம்ஆர்ஐயும் நெஞ்சின் சிடி ஸ்கானும் வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐக்குத் திகதி தள்ளிப்போனால், வைத்தியரிடம் கேட்டுவிட்டு அதை மட்டும் வெளியில் காசு கொடுத்து எடுங்கள். பிரைவேட்டுக்குக் கொடுக்கிற காசில் பிரயோசனமானது அதுதான்.

அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம். உங்கள் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கதிர் கொடுத்த கையில் புண் ஆறப் பிந்தும், தையல் பிரிந்து சீழ் வைப்பதும் உண்டு. பிறகு பிசியோதெரபி. எல்லாமாக 8 மாதம் வருமானமில்லை என்று வையுங்கள். வீட்டுச் செலவு மாதம் 55,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே 4,40,000. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் 5 கிழமை தங்குமிடச் செலவும் சேரும். கதிர் சிகிச்சையை மட்டக்களப்பில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆகவே நகையில் ஒரு பகுதியை வில்லுங்கள். பவுணுக்கு 3 லட்சம் கையில் வந்தால் 5 பவுண் 15 லட்சம். அடைவுக்கு 13,44,000 போக 1,56,000 மிச்சம். மூன்று பவுண் வட்டியில்லாமல் வீட்டில் இருக்கும். செலவுக்குத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக விற்கலாம். தாலிக்கொடி கிடக்கட்டும், மற்றதை முதலில் பாருங்கள். எல்லாம் ஒரே அடைவுத் துண்டில் இருந்தால் முழுக்காசும் கட்டித்தான் மீட்க வேண்டும். நகையை மீட்டு விற்று முடிக்கும் இரண்டு மூன்று நாளுக்கு அந்தக் காசைக் கைமாற்றாகத் தரச்சொல்லி அண்ணரிடம் கேளுங்கள். உதவ விரும்புகிறவர் உதவட்டும்.

கணவருக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இருந்து, 10 வருடம் பணம் கட்டி, 3 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தால், மருத்துவத்துக்கு 30 வீதம் வரை எடுக்க வழி உண்டு. மருத்துவ உதவி தரும் ஜனாதிபதி நிதியத்துக்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள், சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்பே.

முதலீடும் காப்பீடும் சேர்ந்த திட்டம் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வந்துவிட்ட நோய்க்கு அது ஒரு சதமும் தராது. நோயை மறைத்துக் கையெழுத்து வைத்தால் கட்டிய காசும் போகும்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: மேற்கை எலும்பைச் சுற்றி ஓடும் ரேடியல் நரம்பு கட்டியிலிருந்து எவ்வளவு தூரம்? அது பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு தொங்கும், வெல்டிங் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. நரம்பு ஒட்டியிருக்கிறது என்றால் 8 மாதத்தை 12 மாதமாக எழுதிக் கணக்குப் போடுங்கள்.