ஆக்சிஜன் இல்லாத அடுக்கு வழியாக விழும் கடல்பனி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

கடலுக்குள் தொங்கவிடும் வண்டல் பொறிகளில் விழுவதைப் பிரித்து, எண்ணி, எடை போடுவதுதான் பல வருடமாக என் வேலை. மேலேயிருந்து கீழே விழும் கரிமப் பொருள் ஆக்சிஜன் குறைந்த நீரில் என்ன ஆகிறது என்று யாருக்காவது தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்பச் சந்தோஷம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலும் அவர்கள் இருக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

தெம்பனிஸ், தொடக்கக் கல்லூரி மாணவி: அக்கா, கடல்பனி என்கிறீர்களே, அது கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும்மா. 1950களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கும் கலத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்த பெயர் அது. விளக்கைப் போட்டால் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டே இருக்கும். செத்த மிதவைப் பாசி, அது சுரக்கும் பசை, குட்டி விலங்குகளின் கழிவு, உதிர்ந்த தோல், கொஞ்சம் களிமண் எல்லாம் ஒட்டிச் சேர்ந்த துணுக்குதான் கடல்பனி. அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

பொறியிலிருந்து எடுத்த குப்பியை முதல்முறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, பழுப்பு நிறத்தில் கலைந்த பஞ்சு மாதிரி ஏதோ கிடந்தது. கொஞ்சம் நேரம் பார்த்த பிறகு அதற்குள் ஆலிவ் பச்சையில் சின்னச் சின்ன உருளைகள் தெரிய ஆரம்பித்தன. கோப்பிபாட் என்ற அரிசிக்குருணை அளவு உயிரிகளின் கழிவு அது. ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று உறைபோலச் சுற்றியிருக்கிறது, அதனால்தான் கரையாமல் வேகமாக இறங்குகிறது. சில உருளைகளின் முனை பிய்ந்திருக்கும், யாரோ கடித்த மாதிரி. உண்மையிலேயே யாரோ கடித்ததுதான், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

வேகம் ஒரே மாதிரி இருக்காது. நாளுக்குச் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை. 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரபிக் கடலில் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை இருக்கும் ஆக்சிஜன் குறைந்த அடுக்கைக் கடக்க 17 நாள் ஆகும்.

புக்கிட் பாத்தோக்: ஆக்சிஜன் இல்லையென்றால் அழுகாது என்பதுதானே விஷயம்? ஊறுகாய் மேல் எண்ணெய் மிதக்கவிட்டுக் காற்றுப் படாமல் வைக்கிறோமே, அது மாதிரி?

இந்த ஒப்புமையை நிறையப் பேர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் தடுப்பது பூஞ்சையை, பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஆனால் கடலுக்கு நெருங்கி வரும் உதாரணம் பழைய சோறு. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் உள்ளே காற்று குறைவுதான், அதற்காக நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை, வேறு வழியில் வேலையைத் தொடர்கின்றன. காலையில் புளிப்பு வந்துவிடுகிறது.

கடலில் அந்த வேறு வழி நைட்ரேட், அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீரில் கரைந்திருக்கும் சத்து. பாக்டீரியா சாப்பாட்டை எரிக்க ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது, ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட்டை எடுத்துக்கொள்கிறது, அதில் கிடைக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவுதான். நைட்ரேட்டும் தீர்ந்தால் மாங்கனீஸ், இரும்பு, அதற்குப் பிறகு சல்பேட், கடைசியில் மீத்தேன் உண்டாகும் வழி. கீழே போகப்போக ஆற்றல் குறையும், வேகமும் குறையும். ஆனால் பெருங்கடலின் நடுநீரில் நைட்ரேட் பெரும்பாலும் தீர்வதில்லை. அதனால் "ஆக்சிஜன் இல்லை, ஆகவே அழுகவில்லை" என்று பாடத்தில் எழுதினால் பாதிதான் சரி.

உட்லண்ட்ஸ்: சரி, எவ்வளவு வித்தியாசம்? எண் இல்லாமல் எனக்கு ஒன்றும் புரியாது.

எனக்கும் அப்படித்தான். 1987இல் ஜான் மார்ட்டினும் அவருடன் வேலை செய்தவர்களும் வடகிழக்குப் பசிபிக்கில் அளந்து ஒரு வளைகோடு கொடுத்தார்கள். அதன்படி 100 மீட்டர் ஆழத்தைத் தாண்டி விழும் கார்பன் 100 கிராம் என்றால் 500 மீட்டருக்கு வந்து சேர்வது 25 கிராம், 1000 மீட்டருக்கு 14 கிராம். மீதி வழியிலேயே தின்னப்பட்டுவிடுகிறது.

இப்போது மெக்சிகோவின் மேற்குக் கரைக்கு வெளியே, ஆக்சிஜன் ஏறக்குறைய பூச்சியமான அடுக்குக்கு வாருங்கள். 2002இல் வந்த ஓர் ஆய்வில் அதே கணக்கின் அடுக்கெண், அதாவது ஆழம் கூடக் கூடக் கார்பன் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று காட்டும் எண், 0.858க்குப் பதிலாக 0.40 என்று வந்தது. போட்டுப் பார்த்தால் 500 மீட்டரில் 53 கிராம், 1000 மீட்டரில் 40 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு எண்ணும் வேறு வேறு இடம், வேறு வேறு பருவம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு வழியாகக் கூடுதலாக இறங்குகிறது என்பது அரபிக் கடலிலும் தெரிந்த விஷயம்தான்.

அதே 2002 ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது: நைட்ரேட்டை வைத்துத் தின்னும் பாக்டீரியா, நைட்ரஜன் நிறைந்த அமினோ அமிலங்களைத் தேடிப்பிடித்து முதலில் தின்றுவிடுகிறது. ஆக, கீழே வந்து சேரும் பொருள் அளவில் கூடுதல், சத்தில் வேறு.

உட்லண்ட்ஸ் (மறுபடியும்): பாக்டீரியா நன்றாகத்தான் தின்கிறது என்கிறீர்கள், கூடுதலாகவும் விழுகிறது என்கிறீர்கள். இடிக்கிறதே?

இந்த இடத்தைத்தான் யாராவது பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். நன்றி அண்ணே.

நாம் தின்பவர்கள் என்றால் பாக்டீரியாவை மட்டும் நினைக்கிறோம். ஆனால் சாதாரணக் கடலில் விழும் துணுக்கை முதலில் சிதைப்பது கோப்பிபாட் போன்ற விலங்குகள். பிடிக்கும், கடிக்கும், பாதியைத் தின்று பாதியைச் சிதறடிக்கும். சிதறிய தூள் மெதுவாக இறங்கும், மெதுவாக இறங்கினால் பாக்டீரியாவுக்கு அவகாசம் அதிகம், ஆழத்துக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும். விலங்குக்கு நைட்ரேட் உதவாது. பாக்டீரியா மாதிரி மாற்றுவழிக்குத் தாவ அதனால் முடியாது, ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் போனதும் பெரும்பாலானவை மேல்விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன, அல்லது உள்ளே வந்தாலும் சாப்பிடாமல் அசையாமல் கிடக்கின்றன. கடிக்க ஆள் இல்லாததால் துணுக்கு முழுசாக, அதே வேகத்தில் இறங்குகிறது.

இதைப் பொறியிலேயே பார்க்கலாம். எங்கள் குப்பிகளில் அழுகாமல் இருக்க நஞ்சு கலந்த உப்புநீர் இருக்கும், தானாக நீந்தி வந்து அதில் மாட்டிச் செத்த விலங்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் எடை தப்பாகிவிடும். கண் எரியும் வேலை. நல்ல ஆக்சிஜன் உள்ள ஆழத்துக் குப்பி என்றால் எனக்குக் காலை முழுக்கப் போய்விடும். ஆக்சிஜன் இல்லாத அடுக்கின் நடுவிலிருந்து வந்தது என்றால் தேநீர் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். உருளைகளும் முனை பிய்யாமல் முழுசாகக் கிடக்கும்.

இன்னும் கண்ணெதிரே வேண்டுமென்றால் கருங்கடல். அங்கே சுமார் 150, 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது. 2018இல் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே கண்டெடுத்ததாக அறிவித்த கிரேக்கக் கப்பல் ஏறத்தாழ 2400 வருடம் பழையது, பாய்மரம் நின்றபடி நிற்கிறது. அந்த நீரில் பாக்டீரியா உண்டு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழுதான் இல்லை.

விலங்கு இல்லாததுதான் பெரிய காரணம், பாக்டீரியாவின் வேகக் குறைவு இரண்டாவது காரணம், என் கருத்து இதுதான். எல்லா இடத்திலும் இதே விகிதம் என்று சொல்ல மாட்டேன்.

அங் மோ கியோ: அப்படியானால் அந்த அடுக்கில் உயிரே இல்லையா?

இருக்கிறதே. மீன்களில் மின்னிமீன் வகைகள் அரபிக் கடலில் பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து இரவில் மேலே வருகின்றன. எனக்குப் பிடித்தது காட்டேரிக் கணவாய். பெயரைப் பார்த்து ரத்தம் குடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், 2012இல்தான் தெளிவானது: உடம்பிலிருந்து நூல் மாதிரி நீளும் இழையை விரித்து வைத்து, அதில் வந்து ஒட்டும் கடல்பனியைச் சுரண்டி, பசையில் உருட்டி வாயில் வைத்துக்கொள்கிறது. மற்ற விலங்குகள் வரமுடியாத இடம், விழுவதெல்லாம் அதற்கு.

செங்காங்: எங்கள் பூர்வீகம் நாகப்பட்டினம். வங்காள விரிகுடாவும் இப்படித்தானா, இல்லை அரபிக் கடல் மட்டுமா?

இரண்டிலும் ஆக்சிஜன் குறைந்த அடுக்கு உண்டு ஐயா, ஆனால் குணம் வேறு. அரபிக் கடலின் வடக்கு நிலத்தால் மூடியிருக்கிறது, பருவக்காற்று சத்துநீரை மேலே கொண்டுவருகிறது, பாசி கொழிக்கிறது, விழுவதும் அதிகம். நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் வேலை அங்கே பெரிய அளவில் நடக்கிறது.

வங்காள விரிகுடா இன்னும் அந்த நிலைக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் மேலே மூடிபோலப் பரவி, கீழே இருக்கும் சத்து மேலே வராமல் தடுக்கிறது. 2017இல் மிக நுண்ணிய உணர்கருவி வைத்து அளந்தபோது, பூச்சியம் என்று நினைத்த நீரில் துளி ஆக்சிஜன் இருப்பது தெரிந்தது, மேற்பரப்பில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைவு. அந்தத் துளிதான் நைட்ரஜன் இழப்பைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆறுகள் கொண்டுவரும் களிமண் கடல்பனியில் ஒட்டிப் பாரமாக்கி, வேகமாகக் கீழே தள்ளிவிடுகிறது, அதனால் நடுநீரில் தின்னப்படுவது குறைகிறது என்று ஒரு வாதம் உண்டு, எனக்கும் அது சரியாகப் படுகிறது. அந்தத் துளி தீர்ந்தால் வங்காள விரிகுடாவும் அரபிக் கடல் மாதிரி ஆகிவிடும் என்பதுதான் கவலை. நாகப்பட்டினத்துக்காரர் இதைக் கேட்டது எனக்கு நிறைவாக இருக்கிறது, ஏனென்றால் இது நம் சொந்தக்காரர்கள் மீன் பிடிக்கும் கடல்.

பொங்கோல்: கார்பன் கூடுதலாக ஆழத்துக்குப் போகிறதே, அப்படியானால் ஆக்சிஜன் குறைவது பருவநிலைக்கு நல்லதுதானே?

இல்லை. இதை அழுத்திச் சொல்லவே இந்தக் கேள்வி பதிலை ஆரம்பித்தேன்.

கார்பன் ஆழம் போவது உண்மை. 300 மீட்டரில் கரைந்தால் சில பத்தாண்டுகளில் திரும்ப வரக்கூடியது, 1000 மீட்டருக்குக் கீழே போனால் நூற்றாண்டுகள் தங்கும். ஆனால் அதே அடுக்கில் நைட்ரேட் வாயுவாகிக் கடலைவிட்டுப் போகிறது, அது பாசிக்கு உரம், உரம் குறைந்தால் அடுத்த தலைமுறை பாசி குறையும், விழுவதும் குறையும். அந்த அடுக்கின் விளிம்புகளில் நைட்ரஸ் ஆக்சைடு உண்டாகிறது, நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பம் பிடிக்கும். அப்புறம் மீன்கள். மேல்விளிம்பு உயர உயர அவை வாழும் இடம் மேலே நெருக்கிக்கொண்டு வருகிறது. 1960க்குப் பிறகு உலகக் கடல்கள் தங்கள் ஆக்சிஜனில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கின்றன. கார்பனை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு இதை லாபம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜொகூர் நீரிணையில் கூண்டு வைத்திருப்பவர்: எங்கள் பக்கம் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. இதுவும் நீங்கள் சொல்வதும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல அண்ணே. சிங்கப்பூர் நீரிணை ஆழம் குறைந்தது, நீரோட்டம் வேகமாகக் கலக்கிவிடும், அங்கே இந்த மாதிரி அடுக்கு உட்காராது. ஜொகூர் நீரிணை வேறு. 1924இல் திறந்த கடற்பாலம் குறுக்கே கரையாக நிற்பதால் தண்ணீர் ஊடே ஓடுவதில்லை, சத்து தேங்குகிறது. பாசி பெருகிச் செத்தால் நாள்கணக்கில் இறங்க ஆழம் இல்லை, சீக்கிரமே அடியில் படிந்துவிடும், தின்பதெல்லாம் அந்த அடிச்சேற்றிலும் அதன் மேலுள்ள சில மீட்டர் நீரிலும்தான். நம் தண்ணீரின் சூட்டில் நிறைந்திருந்தாலே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் பிடிக்கும். இரவில் பாசியும் மூச்சு விடுகிறது, விடியும்போது மிகக் குறைவு. 2க்குக் கீழே வந்தால் மீன் தாங்காது.

2014, 2015 தொடக்கத்தில் நிறைய மீன் செத்தபோது ஆக்சிஜன் மட்டும் காரணமில்லை, சில பாசிகள் செவுளையே கெடுக்கும். நீங்கள் செய்யக்கூடியது, அளவு மானியை மேலே மட்டும் விடாமல் கூண்டின் அடி ஆழத்திலும் விட்டு, காலை ஐந்து மணிக்கு அளப்பது. மத்தியானம் எடுக்கும் எண் ஆறுதல் தரும், உதவாது. தீனி மிஞ்சினால் அதுவும் அடியில் போய் ஆக்சிஜனைத்தான் தின்னும்.

தெம்பனிஸ் மாணவி: கப்பலில் போகாமல் இதை எங்கே பார்க்கலாம் அக்கா?

வற்றம் சமயத்தில் பாசிர் ரிஸ் சதுப்புநிலப் பலகைப்பாதைக்குப் போம்மா. நண்டு வளை தோண்டித் தள்ளிய சேற்றைக் கவனி. மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, ஆக்சிஜன் எட்டும் தூரம் அவ்வளவுதான். வளையிலிருந்து புதிதாக வந்த உருண்டைகள் கறுப்பாக இருக்கும், சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா விடும் சல்பைடு இரும்போடு சேர்ந்த நிறம் அது, அழுகிய முட்டை வாடையும் அதனுடையதுதான். வளையின் உள்சுவரைப் பார்த்தால் மறுபடி பழுப்பு, ஏனென்றால் நண்டு தன்னோடு காற்றையும் உள்ளே கொண்டுபோகிறது. சேற்றை அள்ளிக்கொண்டு வராதே, அனுமதி வேண்டும். அரை மணி நேரம் ஒரே வளையைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், கறுப்பு உருண்டை வெயிலில் நிறம் மாறுவதும் தெரியும்.