குடியேறிய நாட்டுக்காகப் போரில் இறந்தவர்களை நாம் ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

"கனடாவில் போர் நினைவு நாளான நவம்பர் 11 அன்று எல்லோரும் சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ குத்திக்கொள்கிறார்கள். நேற்று வந்த நமக்கு அதில் என்ன இருக்கிறது? நம்மைப் போலக் குடியேறி, இந்த நாட்டுக்காக உயிர்விட்டவர்கள் இருந்தால், இந்த நாடு அவர்களை மதித்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் மதிக்கவில்லை. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

நான் கிச்சனரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். டொராண்டோவுக்கு மேற்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். வந்த புதிதில் நானும் பாப்பி குத்திக்கொண்டேன். அலுவலக வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள், சில்லறை போட்டு ஒன்று எடுத்துக்கொள்வேன். எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்தேன், அவ்வளவுதான். என் மகள் நாலாம் வகுப்பு படித்தபோது, பள்ளியில் இரண்டு நிமிட மௌனம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் கேட்டாள்: "அப்பா, நம்ம ஆளுங்க யாராவது அந்தப் போர்ல இருந்தாங்களா?" பிரிட்டிஷ் இந்தியப் படையில் லட்சக்கணக்கில் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "அது இல்லப்பா. இங்கே வந்து, இங்கேருந்து போனவங்க?" யோசிக்காமல் "இல்லம்மா" என்றேன்.

அது தப்பான பதில். சில நாள் கழித்து, என்னோடு வேலை பார்க்கும் ஒரு பஞ்சாபி நண்பரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டம்.

அங்கே ஒரு சிறிய கல்லில் பக்கம் சிங் என்ற பெயர் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் கனடாப் படையில் பணியாற்றிய சீக்கியர்களில், கனடா மண்ணில் கல்லறை இருப்பதாகத் தெரிந்திருப்பது இவர் ஒருவருக்குத்தான். அந்த ஒன்று நான் தினமும் பால் வாங்கப் போகிற ஊரில் இருந்திருக்கிறது.

இவருடைய கதையை நான் சுருக்க விரும்பவில்லை. 1893 டிசம்பரில் பஞ்சாபின் மாஹில்பூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பிரீதம் கௌர் என்ற பெண்ணோடு கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். 1907-இல், மீசை அரும்பாத வயதில், கப்பலேறி பிரிட்டிஷ் கொலம்பியா வந்து இறங்கினார். அந்த வருடம்தான் அந்த மாகாணம் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்தது. மறு வருடம் கனடா அரசு இன்னொரு விதி கொண்டுவந்தது: பிறந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றது. இந்தியாவிலிருந்து அப்படி ஒரு பயணச்சீட்டு வாங்குவதற்கு வழியே இல்லை என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். கூடவே, ஆசியாவிலிருந்து வருபவர் கையில் இருநூறு டாலர் காட்ட வேண்டும். ஆக, ஏற்கெனவே வந்துவிட்ட ஆண்கள் இங்கேயும், அவர்களுடைய மனைவிமார் ஊரிலேயும் மாட்டிக்கொண்டார்கள். பிரீதம் கௌர் கனடாவைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

பக்கம் சிங் பிறகு ஒன்டாரியோ பக்கம் வந்து பண்ணை வேலை செய்தார். 1914 மே மாதம் கோமகாட்டா மாரு கப்பல், பெரும்பாலும் பஞ்சாபிகளான 376 பயணிகளோடு வான்கூவர் வந்து நின்றது. அவர்களில் 24 பேரை மட்டும் இறங்க விட்டு, மற்றவர்களை இரண்டு மாதம் கப்பலிலேயே காக்க வைத்து, ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பினார்கள். சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4, கனடா முதல் உலகப் போரில் இறங்கியது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் ஊர்க்காரர்களைக் கரையில்கூட இறங்க விடாத நாட்டின் படையில், 1915 வசந்தத்தில், இருபத்தோரு வயதில் பக்கம் சிங் போய்ச் சேர்ந்தார்.

ஏன் சேர்ந்தார்? இந்த இடத்தில் பலரும் தங்களுக்குப் பிடித்த காரணத்தை அவர் வாயில் திணிக்கிறார்கள். நாட்டுப்பற்று என்கிறார்கள் சிலர். வெள்ளைக்காரனுக்கு அடிமைப்பட்ட புத்தி என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டு தரப்பிலும் உடன்பாடு இல்லை. சாதாரணச் சிப்பாய்க்கு அன்று ஒரு நாளைக்கு ஒரு டாலர் பத்து சென்ட் சம்பளம். பண்ணைக் கூலியாளுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கலாம். தன்னையும் ஆளாக எண்ண வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கலாம். இருபத்தோரு வயதுப் பையன் எதற்காக எதைச் செய்கிறான் என்று எதிரில் உட்கார்ந்து கேட்டாலே முழுசாகத் தெரியாது. அவர் போனார், காயம்பட்டார், இறந்தார். இவ்வளவு போதும், நாம் தலைகுனிந்து நிற்க.

அவரை 20-ஆவது பட்டாளத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916-இல் இரண்டு முறை காயம்பட்டார். பிரான்சில் அவர் சிகிச்சை பெற்ற ராணுவ மருத்துவமனையில் மருத்துவப் பொறுப்பில் இருந்தவர் ஜான் மெக்ரே. நாம் இன்று பாப்பி குத்துவதற்குக் காரணமான 'இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' என்ற கவிதையை எழுதிய டாக்டர். மெக்ரே பிறந்த ஊர் குவெல்ஃப், கிச்சனரிலிருந்து அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாகப் போகிறார்கள். போகட்டும், போக வேண்டிய இடம்தான். ஆனால் அதே மருத்துவமனையின் கட்டிலில் படுத்திருந்த ஒரு பஞ்சாபிப் பையன் இந்தப் பக்கத்து ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறான் என்பது தொண்ணூறு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

காயம் ஆறி வரும்போது இங்கிலாந்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். கிச்சனர் ராணுவ மருத்துவமனையில் 1919 ஆகஸ்ட் 27 அன்று உயிர் பிரிந்தது. வயது இருபத்தைந்து. (இந்த ஊரின் பெயரே அப்போது புதுசு. 1916 வரை இது பெர்லின். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த ஊர், போர்க்கால வெறுப்பில் பெயரை மாற்றிக்கொண்டது. குடியேறிகளை நம்பாத காலம் எல்லோரையும்தான் சுட்டிருக்கிறது.) இந்தியர்கள் தங்கள் மனைவி மக்களை அழைத்துவரலாம் என்று கனடா விதியைத் தளர்த்தியது அதே 1919-இல்தான். ஓட்டுரிமை திரும்பக் கிடைத்தது 1947-இல்.

போருக்குப் பின் சிப்பாய்களுக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கம் ஒன்று இவர் பெயருக்கும் அடிக்கப்பட்டது. அது எந்தெந்தக் கை மாறியதோ, இங்கிலாந்தில் ஒரு அடகுக்கடையில் கிடந்தது. சந்தீப் சிங் பிரார் என்ற வரலாற்று ஆர்வலர் அதை வாங்கி, விளிம்பில் பொறித்திருந்த பெயரையும் பட்டாளத்தையும் பிடித்துக்கொண்டு ஆவணம் ஆவணமாகத் தேடினார். அந்தத் தேடல்தான் கடைசியில் இந்தக் கல்லறையில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே சீக்கியர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். நகரத்துப் பிரமுகர்களும், சீருடையில் ராணுவத்தினரும் வருகிறார்கள்.

நான் தருமபுரிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர் வயல் வரப்பில் ஒரு நடுகல் உண்டு. வில்லோ வாளோ பிடித்த ஒரு வீரன். எழுத்து தேய்ந்துபோனது, யாரென்று எங்கள் பாட்டிக்கே தெரியாது. வேடியப்பன் என்று சொல்லி, வருடம் தவறாமல் பொங்கல் வைத்துக் கும்பிடுவோம். எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் எந்தக் காலத்தில் செத்தவனோ! பெயர் தெரியாத கல்லுக்குப் பொங்கல் வைக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். பெயர் தெளிவாகப் பொறித்த ஒரு கல் ஆளில்லாமல் இத்தனை காலம் நின்றதை அன்றைக்குப் பார்த்தபோது மனசு ரொம்பக் கனத்துவிட்டது. இறந்தவனுடைய ஆட்கள் பக்கத்தில் இருந்தால்தான் கல் நினைவாக இருக்கும். இவருடைய ஆட்களை வரவிடாமல் ஒரு நாடு சட்டமே போட்டிருந்தது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: வரவேண்டியவர்கள் வர முடியாமல் போனார்கள், வந்து சேர்ந்துவிட்ட நாம் போக வேண்டும். கனடா அரசு நம்மைப் பாராட்டும் என்பதற்காக இல்லை.

இது சீக்கியர்களின் கதை மட்டுமில்லை. வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் ஜப்பானிய கனடியர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது, 1920-இல் திறந்தது. முதல் உலகப் போரில் 222 பேர் போனார்கள், 54 பேர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இவர்கள் படையில் சேரக் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். தங்கள் செலவில் பயிற்சி எடுத்து, ஆல்பர்ட்டா வரை போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள். அவர்களில் ஒருவர் மசுமி மிட்சுயி. 1917-இல் பிரான்சில் ஹில் 70 என்ற குன்றில் நடந்த சண்டையில் வீரப் பதக்கம் வாங்கியவர். திரும்பி வந்து, உடன் போரிட்டவர்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அலைந்தார். 1931-இல் மாகாணச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், முன்னாள் வீரர்களுக்கு மட்டும், அது கிடைத்தது. அதற்குப் பதினோரு வருடம் கழித்து, 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, ஜப்பானிய வம்சத்தவர் எல்லோரையும் கடற்கரையிலிருந்து வெளியேற்றியபோது இவரையும் விடவில்லை. கோழிப்பண்ணை போயிற்று. உத்தரவு போட்ட அதிகாரி முன்னால் பதக்கங்களைத் தூக்கிப் போட்டு, இவற்றால் என்ன பிரயோசனம் என்று கேட்டாராம். அந்தத் தூணின் உச்சியில் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் அப்போது அணைத்துவிட்டார்கள். 1985-இல் அதை மறுபடி ஏற்றினார்கள். ஏற்றியவர் மிட்சுயி, நூறை நெருங்கிய வயதில். 1987-இல் காலமானார். அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு அறிவித்தது 1988-இல்.

இதை என் மகளுக்குச் சொன்னபோது அவள் கணக்குப் போட்டு, "ஒரு வருஷம்தானேப்பா, முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. முதல் உலகப் போரில் போன கனடாப் படையினரின் கோப்புகளை ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். நம் பக்கத்துப் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். "பக்கம்" என்று நாம் வாசிப்பதும் அப்படி எழுதியதுதான், அவருடைய அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டாரோ! படையில் சேரும் படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். பிறந்த ஊர் எது, என்ன தொழில், அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா, சேருவதன் நிபந்தனைகள் புரிந்ததா. நடுவில் ஒரு கேள்வி, நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும். பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்கு அந்த முகவரி கடலுக்கு அந்தப் பக்கம்தான். நான் அந்தப் படிவங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரியில்தான் நின்றுவிடுகிறேன்.

குடியுரிமை இல்லாமல் நிரந்தர வசிப்பு அட்டை (பி.ஆர். கார்டு) வைத்திருப்பவர்களும் படையில் சேரலாம் என்று 2022 நவம்பரில் கனடா அறிவித்தது. போன வருடம் எங்கள் நண்பர் ஒருவரின் மகன், மதுரையிலிருந்து பத்து வயதில் இங்கே வந்தவன், சேரப்போகிறேன் என்று நின்றான். அவன் அம்மா அழுதார். நான் பேசினால் கேட்பான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போ என்றும் வரவில்லை. அவனை மவுண்ட் ஹோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். "இவர் கடைசியா இங்கதான் இருந்தாரா மாமா, கூட யாருமில்லாம?" என்று மட்டும் கேட்டான். ஆமாம்பா என்றேன்.

பிறகு அவன் விண்ணப்பித்துவிட்டான். அவன் அம்மா இப்போது கொஞ்சம் தேறிவிட்டார். இந்த நவம்பரில் எங்களோடு அவரும் மவுண்ட் ஹோப் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.